கேட்டது புரிந்ததா, படித்தது புரிந்ததா

ஒரு மாணவர் ஆங்கிலத்தில் பேசினால் காதில் விழும். எழுதினால் கண்ணில் படும். எங்கே தடுமாறுகிறார், எந்தச் சொல்லுக்குத் திண்டாடுகிறார் என்பதை எதிரே இருப்பவர் அப்போதே கண்டுகொள்ளலாம். கேட்பதும் வாசிப்பதும் அப்படி வெளியே தெரிவதில்லை. ஆங்கில விரிவுரையைக் கேட்டுத் தலையாட்டுகிறவருக்கு எல்லாமே விளங்கியிருக்கலாம், பாதிதான் விளங்கியிருக்கலாம், பக்கத்து மாணவர் ஆட்டுகிறாரே என்றும் ஆட்டியிருக்கலாம். புத்தகத்தின் மேல் கண் ஓடுவதைப் பார்த்து, உள்ளே என்ன சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

அதனால் இந்த இரண்டு திறன்களையும் சோதிக்கிற எந்தத் தேர்வும் சுற்றுவழியாகத்தான் போயாக வேண்டும். மாணவரை வேறு ஏதாவது ஒன்றைச் செய்ய வைக்க வேண்டும்: ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க, விடுபட்ட சொல்லை நிரப்ப, கேட்டதை அப்படியே எழுத. அதை வைத்து உள்ளே நடந்ததை ஊகிக்க வேண்டும். இந்தச் சுற்றுவழியில் புரிதலோடு நினைவாற்றல், வேகம், தேர்வு எழுதிய பழக்கம், அதிர்ஷ்டம் என்று பலவும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றில் எவ்வளவை உதற முடியும் என்ற முயற்சிக்கு இப்போது நூறு வயதுக்கு மேலாகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-இல் வெளிநாட்டவருக்கான ஆங்கிலத் திறன் சான்றிதழ்த் தேர்வைத் தொடங்கியது. அது 12 மணி நேரத் தேர்வு. முதல் ஆண்டில் எழுதியவர்கள் மூன்றே பேர், மூவரும் தேறவில்லை. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, ஒலியியல் என்று விரிந்த அந்தத் தேர்வில் கேட்டல் திறனுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது: அரை மணி நேர டிக்டேஷனும் அதைத் தொடர்ந்த உரையாடலும். நம் பள்ளிகளில் 'சொல்வதை எழுதுதல்' என்று வழங்கிய அதே பயிற்சிதான். ஒலிப்பதிவுக் கருவிகள் பரவாத அந்தக் காலத்தில் ஒருவர் நின்று வாசிக்க, மற்றவர் எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. டேப் ரெக்கார்டர் வந்தது. கொள்குறி வினாக்களை இயந்திரத்தில் திருத்தும் வசதி வந்தது. 1961-இல் ராபர்ட் லாடோ எழுதிய மொழித்தேர்வு பற்றிய நூல், மொழியை ஒலி, சொல், இலக்கணம் என்று கூறுபோட்டுத் தனித்தனியே சோதிக்கும் முறையை விளக்கியது. அதே ஆண்டில் ஜான் கேரல், கூறுகளை மட்டும் சோதித்தால் போதாது, அவை எல்லாம் ஒன்றுசேர்ந்து இயங்கும்போது என்ன ஆகிறது என்பதையும் சோதிக்க வேண்டும் என்று வாதிட்டார். அந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர வரும் வெளிநாட்டு மாணவர்களுக்காக 1964-இல் டோஃபெல் தேர்வு தொடங்கியது. கேட்டலும் வாசித்தலும் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே அளவுகோலில் அளக்கப்படும் பொருளாகிவிட்டன.

இந்த இரண்டு திறன்களை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு நாட்டின் பல்கலைக்கழக வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்துவிட்ட தேர்வைப் பார்க்க வேண்டுமானால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். அங்கே அதன் பெயர் டோயிக். ஏற்றுமதியில் ஓங்கி நின்ற 1970-களின் ஜப்பானில், வெளிநாட்டு வணிகர்களோடு பேசித் தொழில் செய்யக்கூடிய ஆட்கள் போதவில்லை என்ற கவலை தொழில்துறையிலும் அரசிலும் இருந்தது. யாசுவோ கிடாவோகா என்பவர் முன்னின்று எடுத்த முயற்சியால், டோஃபெல்லை நடத்திவந்த அமெரிக்காவின் இ.டி.எஸ். நிறுவனமே இதையும் வடிவமைத்தது. 1979 டிசம்பரில் முதல் தேர்வு நடந்தது. நிறுவன ஊழியர்களுக்கென்று பிறந்த தேர்வு பிறகு கல்லூரி வளாகங்களுக்குள் வந்து சேர்ந்தது. ஜப்பானில் ஒரே ஆண்டில் 20 லட்சம் பேருக்கு மேல் இதை எழுதிய ஆண்டுகள் உண்டு. அவர்களில் பெரும் பகுதியினர் மாணவர்கள்.

தேர்வு 2 மணி நேரம்; 200 வினாக்கள். முதல் 45 நிமிடம் கேட்டல், அடுத்த 75 நிமிடம் வாசித்தல், ஒவ்வொன்றுக்கும் 100 வினாக்கள். 2016-இல் மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தில் கேட்டல் பகுதி 6 புகைப்படங்களோடு தொடங்குகிறது. ஒரு படத்துக்கு நான்கு வாக்கியங்கள் ஒலிக்கும். படத்துக்குப் பொருந்துவதைக் குறிக்க வேண்டும். அடுத்து 25 கேள்வி-பதில்கள், பிறகு 13 உரையாடல்கள், கடைசியாக அறிவிப்பு, தொலைபேசிச் செய்தி போன்ற 10 பேச்சுகள். எல்லாமே ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். வினாத்தாளில் குறிப்பு எழுதவும் அனுமதி இல்லை.

இரண்டாவதாக வரும் கேள்வி-பதில் பகுதியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அதில் கேள்வியும் அச்சில் இல்லை, விடைகளும் அச்சில் இல்லை. காது ஒன்றே துணை. அந்தப் பாணியில் ஒரு வினாவை அமைத்தால் இப்படி இருக்கும். ஒரு குரல், "வேர் கேன் ஐ காப்பி தீஸ் பேஜஸ்?" என்று கேட்கிறது. இந்தப் பக்கங்களை எங்கே நகலெடுக்கலாம் என்பது பொருள். மூன்று விடைகள் வருகின்றன. முதலாவது, "எனக்கு டீயே போதும்." இரண்டாவது, "அறுபது பக்கங்கள்." மூன்றாவது, "அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்களே."

நகலைக் காபி என்று கேட்டவர் டீயில் விழுவார். தமிழில் இரண்டையுமே 'காப்பி' என்று சொல்லிப் பழகியவருக்கு இந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று சொல்லவே வேண்டாம். கேள்வியில் 'பேஜஸ்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டவர் அறுபது பக்கங்களுக்குப் போவார். சரியான விடை மூன்றாவது. அதில் கேள்வியின் சொல் ஒன்றுகூட இல்லை. 'எங்கே' என்று கேட்டதற்கு இடமும் சொல்லவில்லை. நகலெடுக்கும் இயந்திரம் அலுவலகத்துக்குள் இருக்கிறது, அது பூட்டிக் கிடக்கிறது, ஆகவே இப்போது முடியாது என்று மூன்று படி ஏறிய பிறகுதான் அது பதிலாகிறது. அந்தப் படிகளை ஏறச் சில நொடிகளே உண்டு. ஒலியைப் பிரித்தல், சொல்லை அடையாளம் காணுதல், சூழலை ஊகித்தல் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சோதிக்கிற இத்தகைய வினாவை எழுதுவது தனிக் கலை. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட வகைத் தடுமாற்றத்துக்கென்று வெட்டி வைத்த குழி.

கேட்டல் ஏன் கடினம் என்பதற்கு அயலவர் தமிழ் கற்பதே நல்ல சான்று. 'வந்துகொண்டு இருக்கிறேன்' என்று புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்தவர் சென்னையில் இறங்கி 'வந்துட்டிருக்கேன்' என்பதைக் கேட்டால் திகைத்து நிற்பார். அச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறது. பேச்சில் அது கிடையாது. ஒலிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டும், சில விழுங்கப்படும். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத சின்னச் சொற்களெல்லாம் பேச்சில் கரைந்துவிடுகின்றன. போதாததற்கு, ஒவ்வொருவர் காதும் தாய்மொழியில் பழகிய காது. 'ர'வுக்கும் 'ல'வுக்கும் வேறுபாடு இல்லாத மொழியில் வளர்ந்த ஜப்பானிய மாணவருக்கு 'கரெக்ட்' என்பதும் 'கலெக்ட்' என்பதும் ஒன்றாகவே ஒலிக்கும். அது கவனக்குறைவு அல்ல. குழந்தைப் பருவத்திலேயே காது எந்த வேறுபாடுகளைக் கவனிப்பது, எவற்றை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிடுகிறது.

யாருடைய ஆங்கிலம் ஒலிக்கிறது என்பதும் முக்கியம். நீண்ட காலம் அமெரிக்க உச்சரிப்பே ஒலித்துவந்த டோயிக்கில் 2006 முதல் பிரிட்டிஷ், கனடிய, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளும் சேர்க்கப்பட்டன. நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு ஜப்பானியப் பட்டதாரி வேலைக்குப் போய்ப் பேசப்போகிறவர்களில் சிங்கப்பூர்க்காரர், இந்தியர், வியட்நாமியர் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுடைய ஆங்கிலம் அந்த ஒலிப்பதிவில் இன்னும் இடம்பெறவில்லை. உலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் என்ற உண்மை, கேட்டல் தேர்வுகளுக்கு மெதுவாகத்தான் எட்டிக்கொண்டிருக்கிறது.

வாசித்தல் பகுதியின் கதை வேறு. 30 வாக்கியங்களில் விடுபட்ட சொல்லை நிரப்புவது முதல் பகுதி. நான்கு பத்திகளில் 16 இடங்களை நிரப்புவது அடுத்தது. விளம்பரம், மின்னஞ்சல், அறிவிப்பு, கைபேசிக் குறுஞ்செய்தி என்று படித்து 54 வினாக்களுக்கு விடையளிப்பது கடைசி. அவற்றில் சில, இரண்டு மூன்று ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் விடை தரும். ஒரு மின்னஞ்சலில் கூட்டத்தின் நாள் இருக்கும். மற்றோர் அறிவிப்பில் அந்த நாளில் எந்த அறை மூடியிருக்கும் என்பது இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் கூட்டம் எங்கே என்று தெரியும்.

75 நிமிடத்தில் 100 வினாக்கள் என்றால் ஒரு வினாவுக்கு 45 நொடி. நீண்ட மின்னஞ்சலைப் படிக்கும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம். ஜப்பானிய மாணவர்களுக்கு உண்மையான எதிரி இந்தக் கடிகாரம்தான், அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அங்குள்ள பள்ளிகளில் வழிவழியாக வந்த முறை 'யாகுதோக்கு': வாக்கியத்தைச் சொல்சொல்லாக மொழிபெயர்த்து, பிறகு ஜப்பானிய வரிசைக்கு மாற்றி அடுக்கி வாசிப்பது. தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதனால் ஆங்கில வாக்கியத்தின் முடிவுவரை போய், அங்கிருந்து பின்னோக்கி நடந்து வந்து பொருள் கொள்ளும் பழக்கம் படிந்துவிடுகிறது. 'ஒருவர், எழுதினார், கடிதம், நேற்று' என்று விரலால் சொற்களைத் தொட்டுத் தொட்டுப் பொருள் சேர்க்கும் தமிழ் மாணவரும் இதே வழியில் நடப்பவர்தான். அப்படி வாசித்தால் ஒரு பத்தியை நன்றாகவே புரிந்துகொள்ள முடியும். ஆனால் 45 நொடியில் முடியாது. கேட்டலில் அது அறவே ஆகாது. ஒலி பின்னோக்கி ஓடாது. மாணவர் வாக்கியத்தின் வாலைப் பிடிக்கும்போது அடுத்த வாக்கியம் பாதி கடந்திருக்கும். கேட்டலுக்கும் வாசித்தலுக்கும் உள்ள உறவு இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது: வந்த வரிசையிலேயே பொருள் கொள்ளப் பழகியவருக்கு இரண்டும் சேர்ந்தே எளிதாகின்றன.

வாசிப்பில் இன்னொரு மறைவான தடை சொல்வளம். ஒரு கதைப்பகுதியைப் பிறர் உதவியின்றிப் புரிந்து வாசிக்க, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று 2000-இல் வெளியான ஹூ, நேஷன் இருவரின் ஆய்வு காட்டியது. 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் 6 சொற்களுக்கு மேல் தெரியாமல் போனால் தடுமாற்றம் தொடங்கிவிடும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பால் நேஷன் 2006-இல் இதைச் சொற்குடும்பங்களின் கணக்கில் சொன்னார்: நாவல், செய்தித்தாள் போன்ற எழுத்தை வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000. ஆக, வாசித்தல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்குகிறவருக்கு வாசிக்கும் உத்தி தெரியாமல் இருக்கலாம்; வெறுமனே சொற்கள் போதாமலும் இருக்கலாம். மதிப்பெண் இந்த இரண்டில் எது என்று சொல்வதில்லை. அதைக் கண்டறிய ஆசிரியர் தனியே ஒரு சொல்வளத் தேர்வு வைத்தாக வேண்டும்.

நல்ல வாசித்தல் வினாவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. பத்தியை மறைத்துவிட்டு வினாவை மட்டும் மாணவர்களிடம் கொடுக்க வேண்டும். "ஒரு நிறுவனம் தன் மின்சார அடுப்புகளைத் திரும்பப் பெற்றது ஏன்?" என்று கேட்டு, விடைகளில் ஒன்றாக "தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால்" என்று வைத்தால், பத்தியின் ஒரு வரியைக்கூடப் படிக்காதவரும் அதையே குறிப்பார். அங்கே சோதிக்கப்பட்டது உலக அறிவு. பல்கலைக்கழக ஆசிரியர்கள் சொந்தமாகத் தயாரிக்கும் வினாத்தாள்களில் அடிக்கடி நேரும் பிழை இது. நேரமின்மைதான் பெரும்பாலும் காரணம். தேர்வு முடிந்த பிறகு ஒவ்வொரு வினாவையும் அலசிப் பார்ப்பதும் அதே காரணத்தால் விடுபட்டுப் போகிறது. ஒரு வினாவை வகுப்பின் முதல்வரிசை மாணவர்கள் தவறவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் பின்தங்கியவர்கள் சரியாகப் போட்டிருந்தால், கோளாறு வினாவில்தான் என்று பொருள். அப்படிப்பட்ட வினாவை நீக்கிவிட்டு மதிப்பெண் போடுவதே மாணவருக்குச் செய்யும் நியாயம்.

கொள்குறி முறை ஒன்றுதான் வழி என்பதில்லை. ஒரு பத்தியில் ஐந்தாவது அல்லது ஏழாவது சொல்லை ஒழுங்காக நீக்கிக்கொண்டே போய், விடுபட்டவற்றை நிரப்பச் சொல்லும் 'குளோஸ்' முறையை 1953-இல் வில்சன் டெய்லர் உருவாக்கினார். ஒரு பத்தி எவ்வளவு எளிதாக வாசிக்கத்தக்கது என்று அளக்கவே அவர் அதைச் செய்தார். பிறகு அது வாசிப்பவரை அளக்கும் கருவியானது. 1989-இல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல் 40 வினா, வாசித்தல் 40 வினா. பல இடங்களில் மாணவர் கேட்ட சொல்லைத் தானே எழுத வேண்டும், எழுத்துப் பிழை இருந்தால் மதிப்பெண் போய்விடும். வெளிநாட்டில் படிக்கப் போகும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான தேர்வு இது. குருட்டாம்போக்கில் அடிக்க இடம் குறைவு என்பது இதன் பலம். காது சரியாகக் கேட்டும் கை தவறாக எழுதினால் தண்டனை என்பது பலவீனம். ஒரு திறனை மட்டும் தனியே பிரித்தெடுக்க முயலும்போதெல்லாம் இன்னொன்று கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கொள்குறி வினாவில் குருட்டு அதிர்ஷ்டம் எவ்வளவு? டோயிக் கேட்டல் பகுதியில் 25 வினாக்களுக்கு மூன்று விடைகளும் மற்ற 75 வினாக்களுக்கு நான்கு விடைகளும் உண்டு. காதைப் பொத்திக்கொண்டு வட்டங்களை நிரப்பினாலும் சராசரியாக 27 விடைகள் சரியாக அமையும். தவறுக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை. இதனால் சரியான விடைகளின் எண்ணிக்கை அப்படியே மதிப்பெண் ஆவதில்லை. ஒரு மாதத்து வினாத்தாள் சற்றுக் கடினமாகவும் அடுத்தது சற்று எளிதாகவும் இருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, அவை சமன்செய்யப்பட்டு ஒவ்வொரு பகுதிக்கும் 5 முதல் 495 வரை, மொத்தம் 10 முதல் 990 வரை வழங்கப்படுகின்றன. இரண்டு பகுதிகளின் அளவுகோல்களும் தனித்தனியானவை. ஜப்பானின் பொதுத் தேர்வுகளில் கேட்டல் சராசரி, வாசித்தல் சராசரியைவிட ஏறக்குறைய 50 அதிகமாக இருப்பது வழக்கம். அதைக் கொண்டு ஜப்பானியர் வாசிப்பதைவிட நன்றாகக் கேட்கிறார்கள் என்று சொல்வது, கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது போன்றது.

எந்த அளவுகோலுக்கும் ஒரு நடுக்கம் உண்டு. டோயிக்கில் அது ஒவ்வொரு பகுதிக்கும் சுமார் 25 புள்ளிகள். கேட்டலில் 300 வாங்கிய ஒருவரின் உண்மைத் திறன் 275-க்கும் 325-க்கும் இடையில் எங்கோ இருக்கக் கூடும். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு அதற்கும் வெளியே. அப்படியிருக்க, 595 வாங்கியவருக்கு இல்லை, 600 வாங்கியவருக்கு உண்டு என்று ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு இந்தப் பக்கம் பாட அலகு, அந்தப் பக்கம் மறுபடி அதே வகுப்பு என்று தீர்மானிப்பது எவ்வளவு பெரிய பாரத்தை எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்கவிடுவது! ஜப்பானில் மாணவர்களைத் தரவாரியாக வகுப்பு பிரிக்க, ஆங்கிலப் பாடத்துக்கு விலக்கு அளிக்க, முதுகலைச் சேர்க்கையில் மதிப்பிட என்று பல பல்கலைக்கழகங்கள் இந்த எண்ணைப் பயன்படுத்துகின்றன. வகுப்பு பிரிப்பதற்கு அது போதுமானது. தவறாகப் பிரித்தாலும் ஒரு வாரத்தில் ஆசிரியர் கண்டுபிடித்து மாற்றிவிடலாம். பட்டத்தையோ சேர்க்கையையோ தீர்மானிக்கும்போது அந்தத் திருத்தத்துக்கு வழியில்லை.

வேலைவாய்ப்பு அழுத்தம் இதை இன்னும் இறுக்கியது. ரகுதென் என்ற ஜப்பானிய நிறுவனம் 2010-இல் ஆங்கிலத்தைத் தன் அலுவலக மொழியாக அறிவித்து 2012-இல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. பதவி உயர்வுக்கு டோயிக் மதிப்பெண் தேவைப்பட்டது. வேலை விண்ணப்பத்தில் அந்த எண்ணுக்கென்று ஓர் இடம் இருக்கும்போது மாணவர் எதைப் படிப்பார் என்பது தெரிந்ததே. புத்தகக் கடைகளில் அலமாரி அலமாரியாகப் பயிற்சி நூல்கள் நிரம்பின. தேர்வு பாடத்தின் பின்னே போவதற்குப் பதிலாகப் பாடம் தேர்வின் பின்னே போனது. கேட்டலும் வாசித்தலும் மட்டுமே எண்ணாக மாறியதால் பேச்சும் எழுத்தும் வகுப்பில் ஓரங்கட்டப்பட்டன. 800-க்கு மேல் வாங்கியும் நேரில் நாலு வார்த்தை பேசத் தயங்கும் பட்டதாரி பழக்கப்பட்ட காட்சியானார். பேச்சுக்கும் எழுத்துக்கும் தனித் தேர்வுகள் 2006 இறுதியில் வந்தபோதும், எழுதுகிறவர்களின் எண்ணிக்கையில் அவை முதல் தேர்வுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மதிப்பெண் மேல் ஏறிய சுமையின் இன்னொரு விளைவு 2025-இல் வெளிப்பட்டது: ஆள்மாறாட்டமும் மறைவான ஒலிக்கருவிகளும் பிடிபட்டு, 800-க்கும் மேற்பட்டோரின் முடிவுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன.

பல்கலைக்கழக வாசலிலேயே கேட்டலைச் சோதிக்க ஜப்பான் எடுத்த முயற்சி இன்னொரு பாடம். நாடு முழுவதற்குமான நுழைவுத் தேர்வில் 2006 ஜனவரியில் முதன்முறையாகக் கேட்டல் சேர்க்கப்பட்டது. சுமார் 5 லட்சம் பேர் ஒரே நேரத்தில் ஒரே ஒலியைக் கேட்க வேண்டும். மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்தால் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே ஒலி கிடைக்காது. எதிரொலி, மின்விசிறி, வெளியே போகும் வண்டி எல்லாம் மதிப்பெண்ணில் கை வைக்கும். அதனால் ஒவ்வொரு மாணவருக்கும் சிறிய ஒலிப்பான் கருவி ஒன்றும் இயர்ஃபோனும் தரப்பட்டன. சில கருவிகள் பழுதாகி, அந்த மாணவர்கள் மறுபடி எழுத வேண்டியிருந்தாலும், சமவாய்ப்புக்காக ஒரு நாடு இவ்வளவு செலவழித்தது மதிக்கத்தக்கது. ஒரே ஒரு ஸ்பீக்கரை மேசையில் வைத்துவிட்டு அறுபது பேருக்குக் கேட்டல் தேர்வு நடத்துகிற எந்த வகுப்பறையிலும் கடைசி பெஞ்சுக்காரரின் மதிப்பெண் அவருடைய ஆங்கிலத்தை மட்டும் சொல்வதில்லை.

அந்த நுழைவுத் தேர்வில் தொடக்கத்தில் எழுத்துத் தாளுக்கு 200, கேட்டலுக்கு 50 என்றிருந்த மதிப்பெண், 2021-இல் தேர்வு புது வடிவம் பெற்றபோது வாசித்தல் 100, கேட்டல் 100 என்று சமமானது. இரண்டு தடவை ஒலித்துவந்த பகுதிகளில் சில ஒரே தடவையாக மாறின. நான்கு திறன்களையும் தனியார் தேர்வுகள் மூலம் சோதிக்கும் திட்டமும் இதோடு வர இருந்தது. கட்டணம், கிராமப்புற மாணவருக்குத் தேர்வு மையத்தின் தூரம் என்ற இரண்டும் பெரும் எதிர்ப்பைக் கிளப்ப, 2019 நவம்பரில் அரசு அதை ஒத்திவைத்தது, 2021-இல் கைவிட்டது.

கேட்டலுக்கும் வாசித்தலுக்கும் சம மதிப்பெண் என்ற இதே மாற்றத்தை மலேசியாவும் செய்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி வரும் மாணவர்களும் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் முயெட் என்ற ஆங்கிலத் தேர்வில், முன்பு 300 மதிப்பெண்ணில் வாசித்தலுக்கு 120, கேட்டலுக்கு 45 மட்டுமே இருந்தன. 2021 முதல் நான்கு திறன்களுக்கும் தலா 90. காதுக்கும் கண்ணுக்கும் ஒரே எடை என்பது மாணவரிடம் எந்த அறிவுரையையும்விட வேகமாகப் போய்ச் சேரும். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பயிற்சி நேரமும் போகிறது.

எந்த ஆங்கிலம் என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. டோயிக்கில் வருவது அலுவலக ஆங்கிலம்: பில், சரக்கு, நேர்காணல், விமானத் தாமதம். அலுவலகம் ஒன்றையே பார்த்திராத 18 வயது மாணவரிடம் இதைக் கேட்பதைவிட, விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கவும் பாடநூலின் வாதத்தைப் பின்தொடரவும் முடிகிறதா என்று பார்ப்பதே பல்கலைக்கழகத்துக்குப் பொருத்தமானது. டோஃபெல் அந்த வழியில் போகிறது. விரிவுரைகளையே ஒலிபரப்பி, குறிப்பெடுக்கவும் அனுமதிக்கிறது. ஆனால் அதன் கட்டணமும் கடினமும் அதிகம். முதலாண்டு மாணவர்கள் ஆயிரம் பேரை ஒரே வாரத்தில் வகுப்பு பிரிக்க வேண்டிய ஒரு கல்லூரிக்கு அது தாங்காது. 2020 முதல் கல்வி நிறுவனங்களுக்கு டோயிக்கின் இணையவழிச் சுருக்க வடிவம் கிடைக்கிறது. 90 வினாக்கள், சுமார் ஒரு மணி நேரம். முதற்பாதியில் மாணவர் காட்டும் திறனைப் பார்த்து இரண்டாம் பாதியின் கடினத்தை அதுவே மாற்றிக்கொள்கிறது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்ற பழைய எண்ணத்திலிருந்து இது பெரிய விலகல்.

எண் தருகிற தேர்வுகள் எவ்வளவு கூர்மையானாலும், ஒரு மாணவர் எங்கே சறுக்கினார் என்பதைக் காட்டுவதில் பழைய டிக்டேஷனுக்கு ஈடில்லை. "ஹி ஷுட் ஹாவ் ஆஸ்க்ட் அஸ்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். அவர் எங்களைக் கேட்டிருக்க வேண்டும், ஆனால் கேட்கவில்லை என்பது பொருள். இயல்பான பேச்சில் 'ஹாவ்' என்பது தேய்ந்து 'ஷுட்' என்பதோடு ஒட்டிய வெறும் 'அவ்' ஆகிவிடும். 'ஆஸ்க்ட்' என்பதன் கடைசி ஒலி அடுத்த சொல்லுக்குள் நழுவிவிடும். வகுப்பில் பாதிப் பேர் "ஹி ஷுட் ஆஸ்க் அஸ்" என்று எழுதியிருப்பார்கள். அவர் இனிமேல்தான் கேட்க வேண்டும் என்று பொருள் மாறிப்போகிறது. எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். அச்சில் காட்டினால் ஒருவரும் தவறவிட மாட்டார்கள். தாள்களை அடுக்கிப் பார்க்கும் ஆசிரியருக்கு, வகுப்பின் காதில் விழாமல் போனது ஓர் 'அவ்'வும் ஒரு 'ட்'டும் என்பது தெரிகிறது. அடுத்த வகுப்பை அவர் அந்த இரண்டு ஒலிகளில் தொடங்கலாம்.